ஒரே தாவல், ஐந்து விதிநூல்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை சொல்லிப் பகடை உருட்டும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறவர்கள் கூடினால் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: விதி குறைவாக இருந்தால் எளிமை, நிறைய இருந்தால் நெகிழ்வு. பல விதிநூல்களை வைத்து ஆடிய பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவெடுக்கும் வேலை எந்த விதிநூலிலும் காணாமல் போவதில்லை. அது யார் தலையில் விழுகிறது, எப்போது விழுகிறது என்பதுதான் மாறுகிறது.

ஒரே காட்சியை ஐந்து விதிநூல்களில் ஓட்டிப் பார்ப்போம். இரவு, கனமழை. சராசரி பலம் உள்ள ஒரு திருடி, காயம்பட்ட தோழனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவ வேண்டும். நடுவில் பத்தடி இடைவெளி. தோழனின் எடை 150 பவுண்டு, ஏறத்தாழ 68 கிலோ.

முதலில் கர்ப்ஸ். எந்த உலகத்துக்கும் ஒரே விதித்தொகுப்பு என்ற எண்ணத்தோடு 1986இல் வந்தது. மூன்று ஆறுபக்கப் பகடைகளை உருட்டி, திறன் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் வெற்றி. திறன் 10 என்றால் வாய்ப்பு சரிபாதி, 12 என்றால் 74 சதவீதம், 14 என்றால் 90க்கு மேல். இவ்வளவுதான் மையம், பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் நம் திருடி தாவுவதற்கு முன் சுமைக் கணக்கு ஒன்று இருக்கிறது. நான்காம் பதிப்பின்படி பலம் 10 உள்ளவருக்கு அடிப்படைத் தூக்குதிறன் 20 பவுண்டு. 150 பவுண்டு அதைப்போல ஏழரை மடங்கு; அது சுமை நிலைகளில் கடைசி நிலை. அங்கே வேகம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு 5 கஜம் ஓடக்கூடியவள் 1 கஜம்தான் நகர்வாள். பகடையைத் தொடுவதற்கு முன்பே, இந்தத் தாவல் நடக்காது என்று தெரிந்துவிடுகிறது.

இது எனக்குப் பிடிக்கும். நடக்காது என்று தெரிந்ததும் மேசையில் இருப்பவர்கள் கயிறு தேடுவார்கள், பலகை தேடுவார்கள், தோழனை எழுப்பப் பார்ப்பார்கள். உலகத்துக்கு எடை உண்டு என்று நம்பினால்தான் அப்படி யோசிக்கத் தோன்றும். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே விலை கொடுத்தாக வேண்டும். கதாபாத்திரம் உருவாக்கவே ஒரு மாலை போய்விடும். கதாபாத்திரத்தின் பலத்தையும் திறனையும் வாங்கத் தரப்படும் புள்ளிகளை எதில் போடுவது, எதை விடுவது என்று முதல்முறை வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. சுமக்கக்கூடிய அளவு பலத்தைப்போல 15 மடங்கு. பலம் 10 என்றால் 150 பவுண்டு; தோழன் சரியாக அந்த எல்லையில் நிற்கிறான். பத்தடி ஓடிவந்து தாவினால் பலம் எத்தனையோ அத்தனை அடி தாண்டலாம், அதாவது பத்தடி. விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் சுமை விதியை விட்டுவிட்டால், புத்தகக் கணக்குப்படி அவள் பகடையே இல்லாமல் எதிர்க் கூரைக்குப் போய்விடுகிறாள்! ஒரே ஆள், ஒரே எடை. ஒரு புத்தகம் அவளைத் தரையோடு கட்டிப்போடுகிறது, இன்னொன்று பறக்க விடுகிறது.

சரி, மழையும் இருட்டும் இருக்கிறதே என்று ஆட்ட நடத்துநர், அதாவது கதையின் உலகத்தை நடத்துகிறவர், பகடை உருட்டச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் இந்தப் பதிப்பின் பெரிய எளிமை இருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு இரண்டைக் கூட்டு, அதற்கு இரண்டைக் கழி என்று ஆட்டம் நெடுகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஐந்தாம் பதிப்பு அதில் பெரும்பகுதியை ஒரே செயலாகச் சுருக்கியது. சூழல் சாதகமாக இருந்தால் இருபதுபக்கப் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடு, பாதகமாக இருந்தால் சின்னதை எடு. 11 அல்லது அதற்கு மேல் வர வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகும், அல்லது 25 ஆகும். குழந்தைகூடப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இவை அடுக்கப்படுவதில்லை. மழை, இருட்டு, தோளில் ஆள் என்று மூன்று பாதகம் இருந்தாலும் ஒன்றுக்குச் சமம். எதிரே ஒரே ஒரு சாதகம் வந்தால் எல்லாம் ரத்து. செருப்பைக் கழற்றி, கயிறு கட்டி, மின்னல் வெளிச்சத்துக்குக் காத்திருந்து தாவுகிறவளுக்கும் செருப்பை மட்டும் கழற்றியவளுக்கும் கிடைப்பது ஒன்றே. முதல் யோசனையோடு நின்றுவிடலாம் என்று ஆடுகிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய இழப்பு. இந்த ஆட்டத்தின் உயிரே அந்த இரண்டாவது, மூன்றாவது யோசனையில்தான் இருக்கிறது.

ஃபேட் கோர் 2013இல் வந்தது. இதுவும் எந்த உலகத்துக்கும் பொருந்தும், ஆனால் கர்ப்ஸுக்கு நேர் எதிர்த் திசையில். இங்கே 150 பவுண்டு என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. கதாபாத்திரத் தாளில் 'தோழனைக் கைவிடாதவள்' என்று ஒரு வரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் ஒரு ஃபேட் புள்ளி கொடுத்து அந்த வரியைத் துணைக்கு அழைக்கலாம், பகடையில் விழுந்ததோடு +2 கிடைக்கும். அதே வரியால் அவளைச் சிக்கலில் மாட்டிவிட நடத்துநர் விரும்பினால், அவளுக்கு ஒரு புள்ளி தர வேண்டும். மழையும் மேசையில் வைக்கப்பட்ட ஒரு வரிதான். இதைவிட நெகிழ்வான ஏற்பாட்டை நான் ஆடியதில்லை. ஆனால் எளிமையானது என்று சொல்லமாட்டேன். எண்ணிக்கையில் விதி குறைவு, அந்தந்தக் கணத்தில் மூளைக்கு வேலை அதிகம். இந்த நேரத்தில் எந்த வரி பொருந்தும் என்று தாளை வெறித்துப் பார்த்தபடி புதியவர்கள் மௌனமாகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல வரி எழுதுவதே ஒரு கலை. அதை முதல் நாளிலேயே கேட்கிறது இந்த விதிநூல்.

அபோகலிப்ஸ் வேர்ல்ட், 2010. இரண்டு ஆறுபக்கப் பகடை, அதோடு குணத்தின் எண்ணைக் கூட்டு. 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 6 அல்லது குறைவு என்றால் நடத்துநர் ஏதோ மோசமானதைச் செய்வார். நடுவில் 7 முதல் 9 வரை. கூட்ட எண் எதுவும் இல்லாவிட்டால் இந்த நடுப்பகுதிக்கும் தோல்விக்கும் தலா 42 சதவீதம், முழு வெற்றிக்கு 17. ஆபத்துக்கு நடுவே ஒன்றைச் செய்யும்போது 7 முதல் 9 விழுந்தால், மோசமான விளைவு, கடுமையான பேரம், கசப்பான தேர்வு இவற்றில் ஒன்றை நடத்துநர் முன்வைக்கலாம். எதிர்க் கூரையின் விளிம்பில் ஒரு கை பிடித்துவிட்டது, மறு கையில் தோழன், பல்லில் கடித்திருந்த பை நழுவுகிறது. எதை விடப்போகிறாய்? பதில் வருவதற்குள் மேசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

கற்றுக்கொடுக்க இதைவிட எளியது அதிகமில்லை. நெகிழ்வு மட்டும் வேறு வகை. இதன் செயல்விதிகள், அதாவது எதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லும் விதிகள், ஒரு குறிப்பிட்ட மாதிரிக் கதைக்காகவே எழுதப்பட்டவை. அழிந்த உலகத்திலிருந்து பள்ளிக்கூடக் கதைக்குப் போக வேண்டும் என்றால் புதிய செயல்விதிகளை யாராவது எழுத வேண்டும். இந்தச் சட்டகத்தின் மேல் இத்தனை தனித்தனி ஆட்டங்கள் பிறந்ததற்கு அது ஒரு காரணம். ஆடுகிறவரிடமிருந்து இறக்கிய பாரத்தை விதி எழுதுகிறவர் சுமக்கிறார்.

லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் விதிகள் ஒரே பக்கம். 2 முதல் 5க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அறிவால் செய்வதற்குப் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனத்தால் செய்வதற்கு மேலே. விண்கலக் கதைக்கானது, நம் திருடிக்குக் கொஞ்சம் மாற்றித்தான் ஆட வேண்டும். ஒரு மாலைக்கு அருமை. நீண்ட தொடருக்கு எடுக்கமாட்டேன், ஏனென்றால் பக்கத்தில் இல்லாத அத்தனையையும் நடத்துநர் தன் தலைக்குள்ளிருந்து எடுத்துத் தர வேண்டும்.

என்னைக் கேட்டால், புதியவர்கள் நிறைந்த குழுவுக்கு அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழிவந்த ஏதாவது ஒன்று. பல மாதம் ஓடும் கதை, திட்டம் போட்டு ஆடப் பிடித்தவர்கள் என்றால் கர்ப்ஸ். அதையும் 32 பக்க இலவச லைட் பதிப்பில் தொடங்கி, தேவைப்படும்போது பெரிய புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன்.

சேர்ப்பது என்கிறேன், கழிப்பது என்று சொல்லவில்லை. ஃபேட்டில் சுமை முக்கியம் என்று தோன்றினால் 'தோளில் ஆள்' என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் போதும். கர்ப்ஸிலிருந்து சுமைக் கணக்கைத் தூக்கினால் சிக்கல் வேறு இடத்தில் முளைக்கும். அங்கே பலத்தில் ஒரு படி ஏற 10 புள்ளி. அந்த விலையில் ஒரு பகுதி அதிகம் சுமப்பதற்காகக் கொடுப்பது. சுமையே இல்லாத ஆட்டத்தில் பலசாலியை உருவாக்கியவர் மட்டும் இல்லாத ஒன்றுக்குப் புள்ளி கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்; அது அவருக்கே தெரிய நாலைந்து அமர்வுகள் ஆகும்.