மூன்று டெஸ்ட் எடுத்துவிட்டு முப்பது என்கிறார்கள்

அண்ணனுக்கு 46 வயதில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் (எல்டிஎல்) அப்படியொன்றும் ஏறியிருக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் தருமபுரி நாலு ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமுக்குப் போனேன். 3,800 ரூபாய்க்கு 'அட்வான்ஸ்டு ஹார்ட் பேக்கேஜ்', 30 டெஸ்ட். இதய ஆபத்தைக் காட்டும் அப்போ-பி, லிப்போபுரோட்டீன்-ஏ என்ற இரண்டு டெஸ்ட்டும் உண்டு என்று பேனரிலேயே இருந்தது.

காலையில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டேனே என்றேன். "பரவாயில்லண்ணே, இப்பல்லாம் வெறும் வயிறு தேவையில்ல" என்றான் ஊசி போட்ட தம்பி. அது பாதி உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினாலு பக்க ரிப்போர்ட் வந்தது. சிவப்பு, மஞ்சள், இதயப் படம். ஒரு ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 228, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 38, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 435. விஎல்டிஎல் என்ற இன்னொரு கெட்ட கொலஸ்ட்ரால் 87 என்று போட்டிருந்தார்கள். 435-ஐ ஐந்தால் வகுத்தால் சரியாக 87. எல்டிஎல் 103. 228-லிருந்து 38, 87 இரண்டையும் கழித்தால் அதே 103! மற்ற கொழுப்பு டெஸ்ட்டுகளும் இதையே இதால் வகுத்த விகிதங்கள்தான். அளந்தது மூன்று, மீதி ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதிலும் ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது, வெறும் வயிற்றில் திரும்ப எடுக்க வேண்டும்.

நான் காசு கொடுத்ததே எந்த இரண்டுக்கோ, அவை இல்லை. போன் செய்தால் "சாம்பிள் பத்தல சார்". அப்புறம் எடுப்பதே இல்லை. பில்லில் 'பேக்கேஜ்' என்று ஒரே வரி. எதைக் காட்டிச் சண்டை போடுவது?

வேறு லேபில், டாக்டர் சீட்டோடு, அந்த இரண்டையும் மட்டும் பெயர் சொல்லி எடுத்தேன். டாக்டர் நம்ம ஊர் பாஷையில் விளக்கினார்: "எல்டிஎல்-ங்கறது மாங்கா லோடு எவ்வளவுன்னு பாக்கறது. அப்போ-பி, ரோட்டுல லாரி எத்தனைன்னு எண்றது. கெட்ட கொழுப்பு சுமக்கற ஒவ்வொரு துகளுக்கும் ஒரு அப்போ-பி தான்." லோடு குறைவாகத் தெரிந்தாலும் லாரி அதிகமாக ஓடலாமாம். எனக்கு 128, அதிகம். எல்டிஎல் மாதிரியே கொழுப்பு சுமக்கும் இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன்-ஏ 71 மில்லிகிராம். 50-க்கு மேல் போனாலே ஆபத்துக் கணக்கில் சேரும். இது பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது, பத்தியத்தால் பெரிதாக இறங்காது, பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அண்ணனுக்கும் எடுத்தோம். அவருக்கும் அதிகம்.

முகாமில் வந்த 103-ஐ நம்பி 'எனக்கு ஒன்றுமில்லை' என்று இருந்திருப்பேன். அந்த எரிச்சல்தான் 3,800 ரூபாயைவிடப் பெரிது.

அதே பேனரை நேற்று பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு எதிரில் பார்த்தேன். வரும் ஞாயிறாம். போகிறவர்கள் அந்த இரண்டு டெஸ்ட்டின் பெயரையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு கையை நீட்டுங்கள்.