க்ளோனா, இமேஜா: மூன்று வருடம் கழித்து நான் மாறிய காரணம்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூன்று வருடமாக மாதம் ஒரு க்ளோன் எடுத்துவந்தேன். இந்த வருடம் அதை நிறுத்திவிட்டு இமேஜ் பேக்கப்புக்கு வந்துவிட்டேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேக்கப் என்றால் இமேஜ்தான். க்ளோனுக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை.

வித்தியாசம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஒரு டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ், அதை எழுப்பும் பூட் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி), சொந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் இறக்கினால் அது க்ளோன். அதே டிஸ்க்கைச் சுருக்கி, ஃபைலாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தால் அது இமேஜ். பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டையும் செய்யும். இன்னும் சிலர் இதையெல்லாம் 'கோஸ்ட் போடுவது' என்றுதான் சொல்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த கோஸ்ட் என்ற டிஸ்க் நகல் மென்பொருளை 1998-ல் சைமான்டெக் வாங்கியது. நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013-ல் நின்றுபோனது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

க்ளோன் என்னை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் தொடக்க நிரலை, தாண்டவில்லை. எஸ்எஸ்டி இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. மூடியைக் கழற்றி, வெளிப் பெட்டியில் இருந்த க்ளோன் டிஸ்க்கை எடுத்து உள்ளே மாட்டினேன். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்பதால் விண்டோஸ் மெதுவாகத்தான் எழுந்தது. ஆனாலும் அரை மணி நேரத்தில் மூன்று வாரத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் அப்படியே கையில் இருந்தது. எதையும் நிறுவவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் தேடவில்லை. இந்த வேகத்தை இமேஜ் தராது.

அப்படியானால் ஏன் மாறினேன்?

புகைப்பட ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தும்போது, பிள்ளைகளின் பள்ளி விழாப் படங்கள் இருந்த ஒரு ஃபோல்டர் தவறி அழிந்துவிட்டது. ரீசைக்கிள் பின்னும் காலி செய்யப்பட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியவந்தது ஏழு வாரம் கழித்து. நான் பதறவில்லை, க்ளோன் இருக்கிறதே என்று டிஸ்க்கைச் செருகினேன். அதிலும் அந்த ஃபோல்டர் இல்லை. அழிந்ததற்கும் நாங்கள் கவனித்ததற்கும் இடையில் வழக்கம்போல் ஒரு க்ளோன் எடுத்திருந்தேன். ஃபோல்டர் இல்லாத டிஸ்க்கை அது மிகச் சரியாக நகலெடுத்து, பழைய நகலின் மேலேயே எழுதிவிட்டது.

எஸ்எஸ்டியில் தேடிப் பயனில்லை. அழித்த இடத்தை 'ட்ரிம்' கட்டளை துடைத்துவிடும். க்ளோன் இருந்த ஹார்ட் டிஸ்க்கில், அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். நான் க்ளோன் எடுக்கும் மென்பொருளான க்ளோன்சில்லா, பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டுமே எழுதும் என்பதால் பழைய தடயம் அங்கங்கே மிச்சமிருந்தது. மூன்றில் ஒரு பங்கு படங்கள் கிடைத்தன, பெயர் எதுவும் இல்லாமல். படத்துக்குள் பதிந்திருந்த தேதியை வைத்து ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினேன். மற்றவை போனவைதான்.

க்ளோனிடம் ஒரே ஒரு தேதிதான் இருக்கும், கடைசியாக எடுத்த தேதி. டிஸ்க் ஒரே நாளில் செத்தால் அது போதும். ஆனால் வீட்டில் தரவு போவது பல நேரம் சத்தமில்லாமல்தான்: தவறி அழிப்பது, கணக்கு ஃபைலின் மேல் வேறொன்றைச் சேமிப்பது, ஃபைல் சிதைந்து கிடப்பது. நாம் கவனிப்பதற்குள் அடுத்த க்ளோன் வந்துவிடுகிறது. அடிக்கடி எடுத்தால் பாதுகாப்பு கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வகை இழப்பில் நடப்பது நேர் எதிர். அடிக்கடி எடுக்க எடுக்க, திரும்பிப் போகும் காலம் குறுகுகிறது. இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றி க்ளோன் செய்தாலும் கிடைப்பது இரண்டே தேதி.

இமேஜில் இந்தச் சிக்கல் இல்லை. என் 500 ஜிபி டிஸ்க்கில் 210 ஜிபி நிரம்பியிருக்கிறது. முழு இமேஜ் 160 ஜிபி அளவுக்கு வருகிறது. படங்களும் வீடியோக்களும் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் அதற்கு மேல் சுருங்காது. அதன் பிறகு வாராவாரம் மாறிய பகுதிகள் மட்டும் சேமிக்கப்படுகின்றன, பெரும்பாலும் 20 ஜிபிக்குள். 2 டிபி வெளி டிஸ்க் ஒன்றில் பல மாதங்களின் தேதிகள் வரிசையாக நிற்கின்றன. வேண்டிய தேதியைத் திறந்து, ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடிகிறது.

இதற்கு நான் வைத்திருப்பது வீம் ஏஜென்டின் இலவசப் பதிப்பு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும், மாறியதை மட்டும் சேர்க்கும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டைப் பலர் சொல்வார்கள், நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸிலேயே இருக்கும் 'சிஸ்டம் இமேஜ்' வசதியை 2017-லேயே மைக்ரோசாஃப்ட் கைவிடும் பட்டியலில் சேர்த்தது, அதை நம்பிப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்திலிருந்து வரும் க்ளோன்சில்லாவை நான் விடவில்லை. பென் டிரைவிலிருந்து பூட் ஆகும், இலவசம், எடுத்த இமேஜ் திரும்ப இறக்கத் தகுந்ததா என்று தானே சோதிக்கும். மாறியதை மட்டும் எடுக்கும் வசதி அதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் முழு டிஸ்க்தான். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு டிஸ்க்கில், க்ளோன்சில்லாவால் ஒரு முழு இமேஜ் எடுத்துவைக்கிறேன். வாராவாரம் சேரும் தொடர் இமேஜில் நடுவில் ஒரு கண்ணி சிதைந்தால் அதற்குப் பின்னால் உள்ள தேதிகள் போய்விடும் என்பதால் இந்தத் தனி நகல். எழுத்துத் திரை பழகாதவர்களுக்கு ரெஸ்கியூசில்லா இருக்கிறது. அதே வகை இமேஜ், மவுஸால் நடத்தலாம்.

இமேஜின் விலை திரும்ப இறக்கும்போது தெரியும். தனியாக ஒரு மீட்பு பென் டிரைவ் வேண்டும். 210 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் இறக்க 35 நிமிடம். பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அதைவிட முக்கியம், மீட்பு பென் டிரைவுக்கு உங்கள் டிஸ்க் கண்ணில் படுகிறதா என்பது. என் முதல் முயற்சியில் படவில்லை. பயாஸில் ஸ்டோரேஜ் முறை ஆர்எஸ்டி (இன்டெலின் டிஸ்க் நிர்வாக முறை) என்று இருந்தது, அதற்கான டிரைவரைச் சேர்த்த பிறகுதான் டிஸ்க் தெரிந்தது. இதை டிஸ்க் செத்த அன்று கண்டுபிடித்திருந்தால் பாடு பெரும்பாடு. சும்மா கிடந்த பழைய டிஸ்க் ஒன்றில் இமேஜை முழுதாக இறக்கி, அதிலிருந்து பூட் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகே க்ளோனை நிறுத்தினேன்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பூட்டிய பார்ட்டிஷனுக்குள் என்ன இருக்கிறது என்று க்ளோன்சில்லாவுக்குத் தெரியாது. காலி இடம் உட்பட அத்தனையையும் எடுக்கும், சுருங்கவும் சுருங்காது. விண்டோஸுக்குள்ளிருந்து எடுக்கும் மென்பொருளோ பூட்டு திறந்த நிலையில் படிப்பதால், இமேஜுக்குத் தனியாகக் கடவுச்சொல் போடாவிட்டால் அது பூட்டில்லாமலே கிடக்கும். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்திருங்கள். க்ளோன், இமேஜ் இரண்டுக்கும் பொதுவான இன்னொன்று: வேலை முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும்.

வேறு மதர்போர்டு உள்ள கம்ப்யூட்டரில் இமேஜை இறக்கியது ஒரே ஒரு முறைதான். டிரைவர்களை விண்டோஸ் தானே தேடிக்கொண்டது, ஆக்டிவேஷன் மட்டும் மறுபடி கேட்டது. ஒரு அனுபவத்தை வைத்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

புது எஸ்எஸ்டிக்கு மாறும்போது இன்றும் க்ளோன்தான் செய்வேன். புது டிஸ்க் பழையதைவிட ஒரு துளியும் சிறியதாக இருக்கக் கூடாது. இரண்டிலும் '500 ஜிபி' என்று அச்சிட்டிருந்தாலும் சில ஆயிரம் செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) குறைந்தால் க்ளோன்சில்லா மறுத்துவிடும். முடிந்த பிறகு இரண்டையும் ஒன்றாக மாட்டி பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைத்துவிடும். கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் நின்றாலே தொழில் நின்றுவிடும் என்பவர்கள் க்ளோன் டிஸ்க் ஒன்றைத் தயாராக வைத்திருப்பதும் நியாயம்தான். அதோடு பழைய தேதிகளுக்கு இமேஜும் இருக்கட்டும்.