மஞ்சள் ரோசா என்று காட்டுக் குச்சி அனுப்பி 5,400 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

நேற்றுப் பின்னேரத்திலிருந்து வயிறு எரிகிறது. கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலைப் பக்கம் எங்கள் வாசலில் சிவப்பு ரோசா எந்நேரமும் பூக்கும். ஹக்கல பூங்காவைச் சுற்றி வந்ததிலிருந்து அம்மாவுக்கு மஞ்சள்தான் வேண்டும். இணையத்தில் செடி விற்கிற ஒரு பக்கத்தில் விளம்பரம் கண்டேன்: ஹைபிரிட் டீ என்கிற பெரிய பூ ரோசா வகை, மஞ்சள், ஒட்டுக்கன்று, ஒன்று 800 ரூபாய். ஆறு கேட்டேன். கூரியரோடு 5,400.

பாதிக் காசு முதலில் தருகிறேன் என்றுதான் சொன்னேன். உடனே குரல் பதிவு வந்தது. "அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான், எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். உங்கள ஏமாத்திட்டு எங்க போகப்போறேன்?" பின்னால் சேவல் கூவுகிற சத்தம் வேறு. அந்தச் சேவலில்தான் விழுந்தேன். முழுக் காசையும் அன்றைக்கே வங்கியில் போட்டேன்.

கன்று வந்தது, ஆறிலும் அடித்தண்டில் பொலித்தீன் கட்டு. துளிரும் வந்தது. ஆனால் ஒரு காம்பில் ஏழு இலை, காம்படியில் சீப்புப் பல் போல நார். பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்த பக்கத்து லயத்துத் தாத்தா பார்த்ததுமே, "இது ஒட்டு வைக்கிற காட்டு ரோசா, புள்ள" என்றார். கட்டைப் பிரித்தோம். உள்ளே பிளேடால் ஒரு கீறல், அவ்வளவுதான். ஒட்டவேண்டிய மஞ்சள் ரோசாவின் கண்ணை, அதாவது முளையை, வைக்கவே இல்லை! ஆறிலும் அப்படித்தான்.

விற்றவனைக் கேட்டால் முதலில் "தண்ணி கூடிப்போச்சு". அப்புறம் "பனிக்கு மஞ்சள் ரோசாவில் கரும்புள்ளி வரும்". வரும்தான். 1900இல் பிரான்சில் பெர்னே-டூஷே என்ற ரோசா வளர்ப்பாளர் பாரசீக மஞ்சள் ரோசாவின் வழியில் கொண்டுவந்த நிறம் அது, நோயும் கூடவே வந்தது. ஆனால் புள்ளி விழுவது இலையில், தம்பி. வைக்காத கண்ணில் எப்படி விழும்? பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். இன்று காலை என் இலக்கத்தையே தடுத்துவிட்டான். 5,400 ரூபாய்! நான் எத்தனை நாள் சேர்த்தது.

சரி, வாங்குகிறவர்களுக்கு: செடி கைக்கு வராமல் காசு போடாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துப் பிரியுங்கள். ஒட்டுக் கட்டுக்குள் கண் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் நாற்றுமேடைக்கு நேரில் போய்ப் பூவோடு வாங்குங்கள்.

ஆறையும் பிடுங்கி எறியப் போனேன், தாத்தா விடவில்லை. மஞ்சள் கண் எங்காவது கிடைத்தால் இந்தக் கன்றுகளிலேயே ஒட்டித் தருகிறாராம்.