புதரும் அடிக்கட்டையும் அகற்ற: பொக்லைனா, பிரஷ் கட்டரும் கடப்பாரையுமா?

மரங்கள் அடர்ந்த நிலத்தில் புதரையும் சிறு அடிக்கட்டைகளையும் அகற்ற, இரண்டே நாளில் வேலையை முடிக்கும் பொக்லைனை வைப்பதா, வாரக்கணக்கில் இழுத்தாலும் பிரஷ் கட்டரோடும் (சுழலும் தகடோ கயிறோ கொண்டு புல், புதரை வெட்டும் கையெந்திரம்) கடப்பாரையோடும் இறங்குவதா என்பதே என் முன் இருந்த கேள்வி. ஒரு மூலையில் பொக்லைனை ஓட்டிப் பார்த்த பிறகு இரண்டாவதையே தேர்ந்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

வேகத்தில் பொக்லைனுக்கு ஈடில்லை, உடலும் நோகாது. அதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வெட்டிய பிறகு வரும் பராமரிப்பு. ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை. அகன்ற இலை மரங்களிலும் புதர்களிலும் பல துளிர்த்துவிடும். சீமைக்கருவேலத்தில், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழேயே மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். கணுக்கால் உயரத்தில் நான் வெட்டிவிட்ட ஒரு கட்டையில், அடுத்த மழைக்குப் பின் ஏழு தளிர்களை எண்ணினேன். ஒற்றைத் தண்டாக நின்றது புதராகிவிட்டது. அதன் பிறகு, மேலே உள்ளதைப் பிரஷ் கட்டரால் கழித்து, கட்டையைச் சுற்றிக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே கோடரியால் துண்டிக்கத் தொடங்கினேன். அவற்றில் மிகச் சிலவே திரும்பத் துளிர்த்தன. மண்ணில் பட்டுக் கோடரி மழுங்கும் என்பதால் இதற்கென்று பழைய கோடரி ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது.

பொக்லைன் கட்டையை வேர்க்கழுத்தோடு பெயர்த்துவிடும். அந்த வகையில் அது மேல்தான். ஆனால் மேல்மண்ணைப் புரட்டும்போது புதைந்து கிடந்த விதைகளும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. நான் ஓட்டிய மூலையில் அடுத்த பருவத்தில் முழங்கால் அளவு களை மண்டியது. சக்கரம் அழுத்திய தடத்தில் தண்ணீர் வடியாமல் நின்றது. நிற்கும் மரங்களின் சத்துறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் 60 சென்டிமீட்டருக்குள், கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் பரவியிருப்பதால், எந்திரம் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நாம் வைத்துக்கொள்ள விரும்பும் மரத்தின் வேரும் நசுங்குகிறது. வெட்டவெளி நிலமாக இருந்தால் இந்தக் குறைகளை நான் இவ்வளவு பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

பிரஷ் கட்டரிலும் கவனம் தேவை. நைலான் கயிறு புல்லுக்கு மட்டுமே; புதருக்குப் பல் தகடு வேண்டும். தடித்த தண்டில் அந்தத் தகடு உதைக்கும், கல்லில் பட்டால் சில்லு பறக்கும். ஆகவே மற்றவர்கள் 15 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். சரிவாக வெட்டிய தண்டு ஈட்டி முனையாகிச் செருப்பைத் துளைக்கும் என்பதால் மட்டமாகவே வெட்டுங்கள்.

ஒரு சாணுக்கு மேல் தடித்த கட்டைகளில் என் அனுபவம் இரண்டோடு நிற்கிறது; ஒவ்வொன்றும் அரை நாளை விழுங்கியது. அப்படிப்பட்டவை நிறைய இருந்தால் நானும் பொக்லைனைத்தான் கூப்பிடுவேன், தரை நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில். கடப்பாரை வேலைக்கோ, மழை பெய்து இரண்டு நாள் கழித்து மண் நெகிழ்ந்திருக்கும் நேரமே வசதி.