'பிரீஆம்ப் போச்சு' என்றார்கள், நம்பினேன்: அரை மாதச் சம்பளம் போனது

என் கிட்டாரைப் பழுது பார்க்கக் கொடுத்த கடைக்கு இன்று காலைதான் கடைசியாகப் போய்விட்டு வந்தேன். கை இன்னும் நடுங்குகிறது. அரை மாதச் சம்பளத்தை முன்பணமாக எண்ணிக் கொடுத்திருந்தேன். அதற்கு அவர்கள் செய்து கொடுத்த வேலை என்ன என்று எழுதுகிறேன். கிட்டாருக்குள் 'ஜிர்ர்ர்' என்று வரும் சத்தத்தை நாமே எப்படிச் சரிசெய்வது என்பதையும் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என்னுடையது பிக்கப் (கம்பி அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றும் பாகம்) வைத்த அகூஸ்டிக் கிட்டார். இரண்டு மாதமாக ஆறாவது கம்பியில், அதாவது தடித்த கம்பியில், மூன்றாம் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) அழுத்தி மீட்டினால் உள்ளே 'ஜிர்ர்ர்' என்று ஒரு சத்தம், டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. ஐந்தாவது கம்பியை அழுத்தாமல் மீட்டினாலும் லேசாக வரும். மெல்லிய கம்பிகளில் வரவே வராது. ஆம்ப்ளிஃபயரில் செருகினாலும் வரும், செருகாவிட்டாலும் வரும்.

இசைக்கருவிகளை விற்று, பழுதும் பார்க்கிற கடை அது. உள்ளே இருந்தவர் கிட்டாரைப் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தார், குழந்தையைத் தூக்குவது போல. மெல்லிய துணியால் கழுத்தைத் துடைத்தார். ட்யூனர் எதுவும் இல்லாமல், காதை வைத்தே ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்தார். "இவ்வளவு நல்ல மரம், இப்படி விட்டு வச்சிருக்கீங்களே சார்" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்துவிட்டேன். கிட்டாரை இப்படித் தொடுகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று தோன்றிவிட்டது.

பின்பலகையை இரண்டு தட்டு தட்டினார். பிக்கப்பின் சிக்னலைப் பெருக்கும், பேட்டரியில் ஓடும் பாகம்தான் பிரீஆம்ப். "பிரீஆம்ப் போச்சு. பிக்கப்பும் சேர்த்து மாத்தணும். அப்படியே விட்டா பலகை விரிசல் விட்டுரும்." விளக்கு அடித்துக்கூட உள்ளே பார்க்கவில்லை. பிரீஆம்ப் கெட்டால் பலகை எப்படி விரியும் என்று எனக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பொருள் வரவழைக்க வேண்டும், முழுத்தொகையும் முன்பணம் என்றார். அரை மாதச் சம்பளம். கொடுத்துவிட்டேன். ரசீதில் 'சர்வீஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை.

ஆறு நாள் கழித்து வாங்கிவந்தேன். கடை இரைச்சலில் ஒன்றும் தெரியவில்லை. அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்து ஆறாவது கம்பியின் அதே சுரத்தை மீட்டினேன். ஜிர்ர்ர். அதே சத்தம். போதாததற்கு, ஆம்ப்ளிஃபயரில் செருகினால் முதல் கம்பி, இருப்பதிலேயே மெல்லியது, அடங்கிப்போய்க் கேட்டது. இது முன்பு இல்லாத கோளாறு.

மறுநாள் போன் செய்தேன். "புதுக் கம்பி சார், நாலு நாள் வாசிங்க, செட் ஆயிடும்." நாலு நாள் கழித்து, "ஈரக் காத்து, மரம் ஊதியிருக்கும்." அதற்கடுத்து, "வேலை பார்த்தவர் லீவு." அப்புறம் போனை எடுப்பதே நின்றுபோனது. வேறு எண்ணிலிருந்து அழைத்தேன், உடனே எடுத்தார்கள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அந்த நிமிடம் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நேற்று இரவு கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஒலித்துளை வழியாகக் கைபேசியை விட்டு வீடியோ எடுத்தேன். முதலில் தெரிந்தது பிரீஆம்ப் பெட்டியின் பின்பக்கத்தில் நானே மார்க்கரால் எழுதிய தேதி. அதே பழைய பிரீஆம்ப்! அங்கிருந்து ஜாக்குக்கு (ஆம்ப்ளிஃபயர் வயரைச் செருகும் துளை) போகும் வயர் தொளதொளவென்று தொங்கி, பின்பலகையை உரசிக்கொண்டிருந்தது. சத்தத்துக்குக் காரணம் அவ்வளவுதான். என் கிட்டாரின் உடல் ஆறாவது கம்பியின் அந்தச் சுரத்தையொட்டித்தான் அதிகமாக அதிர்கிறது, அதனால் வயரும் அப்போது பலகையில் படபடக்கிறது. பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) அடியில் இருந்து வரும் பிக்கப் வயரை மட்டும் விறைப்பாக இழுத்து, மேல்பலகையின் உட்புறம் க்ளூ கன் பசையால் ஒட்டியிருந்தார்கள். கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் கட்டி. இழுத்த இழுப்பில் சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டி) அடியில் இருக்கும் பிக்கப் பட்டை ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. முதல் கம்பி அடங்கியது அதனால்தான்.

ஒட்டும் அடியுள்ள ஒரு சின்ன வயர் கிளிப்பை வாங்கி, பக்கப்பலகையை உலர்ந்த துணியால் துடைத்து ஒட்டி, ஜாக் வயரை அதில் மாட்டினேன். கால் மணி நேரம். சத்தம் நின்றுவிட்டது. டீ குடிக்கிற காசில் முடிகிற வேலைக்கு அரை மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்!

இன்று காலை வீடியோவைக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை. "நீங்க உள்ளே கை விட்டுட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல" என்றார். அன்று இரண்டு கையால் தூக்கிய அதே ஆள். மாற்றியதாகச் சொன்ன பழைய பிக்கப் எங்கே என்றேன். "அதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்." பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் செருகாமலே சத்தம் வந்தால் பிரீஆம்ப் மேல் பழி போடுகிறவரை நம்பாதீர்கள், பெரும்பாலும் ஏதோ ஒன்று தளர்ந்து ஆடும். ஒலித்துளைக்குள் கையை விட்டு வயரைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மீட்டச் சொல்லுங்கள், சத்தம் நின்றால் வயர்தான். ஜாக்கின் நட்டும் தளர்ந்திருக்கலாம். அதை முறுக்கும்போது ஜாக் கூடவே சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றினால் உள்ளே வயரைப் பற்றவைத்த சால்டர் விட்டுவிடலாம். பிக்கப் வயரை விறைப்பாக இழுத்துக் கட்டவே கூடாது, மேல்பலகையில் பசை கூடாது. மாற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். முன்பணம் முழுதாகக் கேட்டால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த மஞ்சள் கட்டியைப் பலகை உரியாமல் எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் கம்பி இன்னும் அடங்கித்தான் கேட்கிறது.