அட்டாமிக் 4 எஞ்சினின் எக்ஸாஸ்ட்: எம்.எஸ். (சாதாரண எஃகு) குழாயா, ஸ்டெயின்லெஸ்ஸா, வெண்கலமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் யுனிவர்சல் நிறுவனம் 1947 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை தயாரித்த பெட்ரோல் எஞ்சின் அட்டாமிக் 4. நான்கு சிலிண்டர், 30 குதிரைத்திறன். 40,000-க்கும் மேல் வெளிவந்தன. கேடலினா 30, பியர்சன் 30 போன்ற பாய்மரப் படகுகளில் இன்றும் ஓடுகின்றன. எஞ்சின் நன்றாக உழைக்கும். அதோடு மாட்டியிருக்கும் எக்ஸாஸ்ட்தான், அதாவது புகையை வெளியேற்றும் குழாய்தான், அடிக்கடி அரித்துப் போகும். அதிலும் மானிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் பாகம்), புகையைக் குளிர்விக்கக் கடல்நீர் கலக்கும் இடம் வரையுள்ள வறண்ட, சூடான பகுதிதான் முதலில் போகும்.

இந்தப் பகுதி ஒன்றேகால் இன்ச் குழாயாலானது. ஃபிளாஞ்சிலிருந்து (மானிஃபோல்டில் பூட்டும் தட்டு) ஒரு நிப்பிள் (இருமுனையிலும் மரையுள்ள குட்டைக் குழாய்), மேலே திரும்பும் எல்போ, உயரமான ரைசர் (மேலேறும் குழாய்), உச்சியில் திரும்பிக் கீழிறங்கும் குழாய், அதில் கடல்நீரைச் செலுத்தும் இணைப்பு. அதற்குப் பிறகு ரப்பர் ஹோஸ், வாட்டர்லிஃப்ட் மஃப்ளர் (சேரும் நீரைப் புகையின் அழுத்தத்தால் வெளியே தள்ளும் சத்தத் தடுப்பான்). நீர் கலக்கும் வரை புகையின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெட்ரோல் எஞ்சினின் புகையில் டீசலைவிட மிக அதிகமாகக் கார்பன் மோனாக்சைடு இருப்பதால், இங்கே ஓர் ஊசித்துளை விழுந்தாலும் கேபினில் தூங்குபவரின் உயிருக்கே ஆபத்து. எந்த உலோகத்தைத் தேர்ந்தாலும் கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியது ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். கடையில் எளிதில் கிடைக்கிறது, துரு பிடிக்காது என்று பலர் இதைத்தான் வாங்குகிறார்கள். துத்தநாகம் 420 டிகிரி அளவிலேயே உருகிவிடும். பூச்சு போனபின் மிஞ்சுவது சாதாரண இரும்புதான். கூடவே துத்தநாகப் புகையும் வரலாம். பித்தளையும் வேண்டாம். சூடான உப்புநீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, பார்க்க முழுசாக, உள்ளே பஞ்சுபோன்ற செம்பாக மாறிவிடும். பைப் ரெஞ்ச் போட்டதும் நொறுங்கும்.

வெண்கலத்தின் கதை வேறு. உப்புநீரை நன்றாகத் தாங்கும், பெட்ரோல் புகையையும் தாங்கும். விலை அதிகம், சூட்டில் வலுவும் குறையும். ஆகவே ரைசர் முழுவதையும் வெண்கலத்தில் செய்வது வீண் செலவு. நீர் செலுத்தும் ஹோஸ் முனைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: வெண்கலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நனைந்த இரும்பு வேகமாக அரிக்கும். எஞ்சினை டீசலுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் வெண்கலமே வேண்டாம். டீசல் புகையிலுள்ள கந்தகம் செம்புக் கலவைகளைத் தின்னும்.

உண்மையான போட்டி ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் எம்.எஸ். குழாய்க்கும்தான். ஸ்டெயின்லெஸ் என்றதும் ஆயுளுக்கும் போதும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் அதைக் காக்கும் மெல்லிய படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கரிப்படிவுக்கு அடியில் சூடான உப்புநீர் தேங்கினால் அந்தப் படலம் உடைந்து குழிக்குழியாக அரிக்கும். 60 டிகிரிக்கு மேல் குளோரைடால் விரிசலும் விடும். இன்னொரு சிக்கல் வெல்டிங். 304 ரகத்தில் வெல்டிங் செய்த ஓரத்தில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்துபோய், அந்தக் கோடே முதலில் கசியும். 316எல் ரகத்தில் கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. வெல்டிங் செய்யும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயு செலுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கத் தையல் கருகிச் சொரசொரப்பாகி, அங்கேயே கரி பிடிக்கும். மரை போட்ட ஸ்டெயின்லெஸ் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றவே முடியாது. மெல்லிய சுவருள்ள ஸ்டெயின்லெஸ் குழாயை யார் இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள்.

எம்.எஸ். குழாய் துரு பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே சீராக, கண்ணுக்குத் தெரியும்படி மெலியும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், போன குழாய் மொத்தென்று சத்தம் போடும். பாகங்கள் எந்த பிளம்பிங் கடையிலும் கிடைக்கும், வெல்டர் தேவையில்லை. அட்டாமிக் 4-க்கு எங்கள் தேர்வு இதுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் பொருளாக அதை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அதில் ஒரே ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது: ஃபிளாஞ்சில் ஏறும் முதல் நிப்பிள். ஷெட்யூல் 40 எனப்படும் வழக்கமான தடிமன் குழாயின் சுவர் 3.56 மி.மீ. மரை வெட்டியதும் பள்ளத்தின் அடியில் மிஞ்சுவது 1.8 மி.மீ. அளவுதான். ரைசரின் முழு எடையும் அதிர்வும் அங்கேதான் விழும், விரிசலும் அங்கேதான் வரும். ஷெட்யூல் 80 நிப்பிளின் சுவர் 4.85 மி.மீ.; மரைக்கு அடியில் 3 மி.மீ. மிஞ்சும். விலையில் பெரிய வித்தியாசமில்லை. ரைசருக்குத் தாங்கு கொடுப்பதானால் எஞ்சினிலிருந்தே கொடுங்கள். படகின் தடுப்புச் சுவரில் கட்டினால், ரப்பர் மவுண்டில் ஆடும் எஞ்சின் அந்த நிப்பிளை முறித்துவிடும்.

பழைய குழாயைக் கழற்றும்போது சூடு வெளியே வராமலிருக்க அதைச் சுற்றியிருக்கும் துணியைச் சுரண்டாதீர்கள். 1960, 70-களின் படகுகளில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். நனைத்து, முகமூடி அணிந்து, முழுசாக எடுங்கள். ஃபிளாஞ்சோடு சேர்த்துக் கழற்றி வெளியே கொண்டுபோய் வேலை பாருங்கள். பெட்ரோல் ஆவி தங்கும் எஞ்சின் அறைக்குள் கேஸ் டார்ச் பற்றவைக்கவே கூடாது. நிப்பிள் அசையாவிட்டால், உள்பக்கம் நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடால் ஃபிளாஞ்சின் மரையைத் தொடாத ஆழத்துக்கு அறுத்து, உளியால் உள்நோக்கி மடக்கினால் கழன்று வரும்.

பூட்டும்போது டெஃப்லான் டேப் வேண்டாம், 260 டிகிரிக்கு மேல் சிதைந்து நச்சுப்புகை விடும். மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும்) பசை போதும். யூனியன் (குழாயைத் திருப்பாமலே கழற்ற உதவும் இணைப்பு) போடுவதானால் உள்ளே பித்தளை இருக்கை இல்லாத, இரும்போடு இரும்பு உட்காரும் ரகமாகப் பாருங்கள். கடல்நீர் இணைப்பு உச்சியைத் தாண்டி, இறங்கும் பக்கத்தில், குறைந்தது 2 இன்ச் கீழே இருக்கட்டும். மேலே வைத்தால் எஞ்சின் நின்றதும் நீர் எஞ்சினின் புகை வால்வுக்குள் இறங்கும். ஒன்றேகால் இன்ச் குழாயின் வெளிவிட்டம் 1.66 இன்ச் என்பதால் 1⅝ இன்ச் எக்ஸாஸ்ட் ஹோஸ் அதன்மேல் சோப்புநீர் தடவினால் இறுக்கமாக ஏறும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்புகள்.

உச்சி எல்போவுக்கு முன்னால் ⅛ இன்ச் மரைத்துளை ஒன்று போட்டு பிளக்கால் அடைத்து வையுங்கள். பிரஷர் கேஜ் மாட்டி, கியரில் முழு வேகத்தில் பார்த்தால் புகையின் எதிரழுத்தம் 2 பி.எஸ்.ஐ.-க்குள் இருக்க வேண்டும். நியூட்ரலில் நன்றாக ஓடும் எஞ்சின் பாரம் ஏறியதும் திணறினால், கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, ஆறியதும் ஃபிளாஞ்ச் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். எஞ்சின் பற்றாமல் நீண்ட நேரம் கிராங்க் செய்ய நேர்ந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் செய்யுங்கள். பற்றியதும் உடனே திறந்துவிடுங்கள்.