சின்ன டின் தேடி ஆறு வருஷம்

தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. சம்பளம் தருவது பெங்களூரு கம்பெனி. 2020-இல் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐலண்ட் எக்ஸ்பிரஸைப் பிடித்துப் போய் ஆபீசில் தலையைக் காட்டிவிட்டு வருவேன். அங்கே இருந்த ஒன்பது வருஷத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கங்களில் இன்னும் விடாதது ஒன்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பீர்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நான் தேடுவது இதுதான்: 330 மில்லி டின், ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்குள், குடித்தால் அதில் என்ன தானியம் போட்டார்கள் என்றாவது நாக்குக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது இரண்டு கிடைத்துவிடும். மூன்றும் ஒரே டின்னில் வருவதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

ஊர்க் கடையில் முதல் தடவை கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"சின்ன டின் இருக்கா? லைட்டா?"

"ஸ்ட்ராங் இருக்குல்லா அண்ணே, பின்னே எதுக்கு லைட்டு?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கொடுக்கிற காசுக்கு எவ்வளவு ஏறும் என்று பார்க்கிறவர்கள். கூலிங்கா சாதாவா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் ஒருவன் போய் நின்று டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், பின்னால் நிற்கிறவர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில்: அதற்குள் இருக்கும் ஆல்கஹால் மட்டும் 52 மில்லி. நம் ஊரில் விற்கிற பிராந்தியும் விஸ்கியும் 42.8 சதவீதம், 60 மில்லி லார்ஜ் ஒன்றில் இருப்பது 25.7. ஆக, 'பீர்தானே' என்று சொல்லி ஒரு பாட்டில் ஸ்ட்ராங்கை முடித்தவர் இரண்டு லார்ஜ் அடித்தாயிற்று. ஐந்து சதவீத 330 டின்னில் வருவது 16.5 மில்லி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. (அதற்காக அதைக் குடித்துவிட்டு வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் கேஸ்தான்.)

கணக்குப் போட வைத்தது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. யூரிக் ஆசிட் ஏறியிருந்தது. பீரில் பியூரின் உண்டு, அதனால் விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். நான் குறைத்தேன். அவர் சொன்னபடி நடந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் 650 பாட்டிலைத் திறந்து திண்ணையில் வைத்தால், முதல் பாதி பீர். மறு பாதி வெதுவெதுப்பான ஏதோ ஒன்று. மூடி வைத்தால் கேஸ் போய்விடும். கொட்ட மனசு வராது. அதனால் குடித்து முடிப்போம். வீணாகக் கூடாது என்பதற்காகவே எத்தனை அரை பாட்டில்களை விழுங்கியிருக்கிறேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. சின்ன டின்னில் கடைசி மடக்கும் ஜில்லென்று இருக்கும். அது முடிந்தால் முடிந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் எழுந்து போய் எடுக்க வேண்டும். அந்தப் பத்தடி நடையே எனக்குப் பல நாள் போதுமானதாக இருந்திருக்கிறது.

சரி, ருசிக்கு வருவோம்.

பெங்களூரில் இந்திரா நகரில் டாய்ட் என்ற, தானே பீர் காய்ச்சி விற்கிற பப் 2010-இல் திறந்தது. அதன் பிறகு நகரம் முழுக்க இப்படிப்பட்ட மைக்ரோ புரூவரிகள். அங்கெல்லாம் சின்னச் சின்னக் கிளாசில் நாலைந்து வகையை வரிசையாக வைத்துத் தருவார்கள். அதில்தான் எனக்குக் கண் திறந்தது. அதற்கு முன்னால் பீர் என்றால் மஞ்சள், நுரை, கசப்பு என்றுதான் தெரியும். முதல் தடவை ஜெர்மன் வகைக் கோதுமை பீரை மூக்கருகே கொண்டுபோனபோது எனக்கு நினைவு வந்தது அம்மாச்சி வீட்டு உத்தரத்தில் தொங்குகிற மட்டி வாழைக்குலை. அதே வாசனை. நன்றாகப் பழுத்து, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த மட்டிப்பழம். இரண்டாவது மூச்சில் கிராம்பு.

பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை என்று பரிமாறிய பையன் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. அந்த வகை ஈஸ்ட், நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிட்டேட்டை உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு வாசனை தருவதும் அதுவேதான். கிராம்பு வாசனைக்கு வினைல் குவாயகால் என்று இன்னொன்று. எங்கள் மாவட்டத்து மட்டிப்பழத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு, மலையோரத்தில் விளைகிற கிராம்புக்கும் உண்டு. இரண்டும் ஒரே கிளாசில் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்து நின்றால் கன்னியாகுமரிக்காரனுக்கு எப்படி இருக்கும்? அன்றிலிருந்து நான் கோதுமைக் கட்சி.

பெல்ஜியம் வகை வேறு. அதில் கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுவார்கள். இந்த வகையில் பேர்போன ஹோகார்டன் என்பது அங்குள்ள ஓர் ஊரின் பெயர். அங்கே இந்த வகை பீர் அடியோடு நின்றுபோயிருந்தது. 1960-களில் அதை மறுபடி காய்ச்ச ஆரம்பித்தவர் பியேர் செலிஸ் என்ற பால்காரர். பேரிலேயே பீர் இருக்கிறது பாருங்கள். ஹோகார்டன் 4.9 சதவீதம். 2015-இல் பீரா 91 வந்தபோது இதே வகையைத்தான் 'ஒயிட்' என்று கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் அதைக் காய்ச்சியதும் பெல்ஜியத்தில்தான். கசப்பு மிகக் குறைவு. கசப்பு பிடிக்காததால் பீரே வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் முதலில் ஊற்றிக் கொடுப்பது இந்த வகைதான். சத்தீஸ்கரில் காய்ச்சுகிற சிம்பா கம்பெனியின் 'விட்', அதாவது இதே பெல்ஜியம் வகை, அதுவும் எனக்குப் பிடித்தது.

ஊற்றுவதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வடிகட்டாத கோதுமை பீரில் ஈஸ்ட் அடியில் தங்கியிருக்கும். முக்கால் பாகத்தைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மிச்சத்தை டின்னோடு லேசாகச் சுழற்றி மேலே ஊற்றினால் கலங்கலான வெள்ளை வரும். வாசனையில் பாதி அந்தக் கலங்கலில்தான். டின்னோடு வாயில் வைத்துக் குடித்தால் இதெல்லாம் போச்சு. 'டின் பீரில் தகர வாடை அடிக்கிறது' என்பவர்கள் கிளாசில் ஊற்றிக் குடித்துப் பார்க்கட்டும். டின்னின் உள்பக்கம் மெல்லிய பூச்சு இருக்கிறது, பீர் உலோகத்தைத் தொடுவதே இல்லை. வாடை வருவது நம் மூக்குக்கு நேராக இருக்கும் விளிம்பிலிருந்து. வெளிச்சம் புகாதது டின்னில் இன்னொரு லாபம். பச்சைப் பாட்டில் வெயில் பட்டால், பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்புச் சத்து சிதைந்து நாற ஆரம்பித்துவிடும்.

ஹாப்ஸ் தூக்கலாகப் போடுகிற ஐபிஏ வகை பீர் விஷயத்தில் சூடு பட்டுக்கொண்டேன். வெளியூர்க் கடை ஒன்றில் அழகான டின், மாம்பழ வாசனை என்று எழுதியிருந்தது. ஆசையாக இரண்டு வாங்கினேன். திறந்தால் மாம்பழமும் இல்லை, ஒன்றும் இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியை நக்கியது போல இருந்தது. அடியில் பார்த்தால் தயாரித்து ஏழு மாதம். ஹாப்ஸ் வாசனைதான் முதலில் பறக்கும், அதுவும் சூடான குடோனில் கிடந்தால் சீக்கிரமே பறக்கும். அன்றிலிருந்து டின்னைக் கையில் வாங்கியதும் அடியைத்தான் பார்க்கிறேன். ஐபிஏ மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தால் தொடுவதில்லை. கோதுமைக்கு இன்னும் கொஞ்சம் சலுகை. ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் பொறுத்துக்கொள்ளும்.

ஸ்டவுட் என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்ற நினைப்பு. வறுத்த பார்லியின் நிறம் அது, அவ்வளவுதான். கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம், நம் சாதாரண மஞ்சள் பீரைவிடக் குறைவு. கடுங்காப்பியும் கொஞ்சம் கருகிய கருப்பட்டியும் சேர்ந்த மாதிரி இருக்கும். எங்கள் ஊர் பீஃப் ரோஸ்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கோதுமைக்கு நெத்திலி வறுவல். புளி போட்ட மீன் கறியும் மரச்சீனியும் வைத்துக்கொண்டு எந்த பீரையும் திறக்காதீர்கள், கறிதான் ஜெயிக்கும்.

ஃப்ரீசர் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மீட்டிங் இழுத்துக்கொண்டு போனது. சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்த டின்னை மறந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "அயிலைக்கு என்ன ஆச்சுன்னு வந்து பாருங்க." டின்னின் அடி பிதுங்கி வெடித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வெட்டி வைத்திருந்த அயிலை மேலெல்லாம் பீர் ஐஸ். கழுவிக் கறி வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை. இப்போது ஈரத்துணியைச் சுற்றி இருபது நிமிஷம், ஃபோனில் அலாரம். அதற்கு மேல் குளிரவும் கூடாது; நாக்கு மரத்துப்போனால் மட்டிப்பழமாவது கிராம்பாவது.

நல்ல வகைகளை நான் குடிப்பது பெங்களூரிலும், கேரளத்தில் கழக்கூட்டத்தில் இருக்கும் மச்சான் வீட்டிலும்தான். இரணியலில் ரயில் ஏறினால் சாயங்காலத்துக்குள் அங்கே. நாலு வகை வாங்கி, ஒவ்வொரு சின்ன டின்னையும் இரண்டு கிளாசில் பங்கு வைப்போம். அதை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ரயிலில் மது கொண்டுவரக் கூடாது, ரோட்டில் வந்தால் களியக்காவிளையில் எல்லைச் சாவடி. 'ரெண்டு டின்தானே மச்சான், பையில போடுங்க' என்று அவன் சொல்வான். இரண்டு டின்னுக்காக அங்கே நின்று பதில் சொல்கிற வயசு எனக்கு இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு, இந்தப் பக்கம் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. எங்கள் தாத்தா காலத்தில் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி (பதநீர்), தடவாவிட்டால் கள். காற்றில் திரிகிற ஈஸ்ட்டில் தானாக நொதிக்கிறது என்று பெல்ஜியத்தில் சில பீர்களைக் கொண்டாடுகிறார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. பனையில் ஏறியவர்களுக்கு அதில் என்ன அதிசயம்?

ஊரில் என் நிலவரம் இதுதான். சின்ன டின்னில் கோதுமை வந்தால் இரண்டு வாங்குவேன், ஒன்று இந்த வாரத்துக்கு, ஒன்று அடுத்ததற்கு. வராத வாரங்கள்தான் அதிகம். அப்போது 500 மில்லி மைல்டு டின் ஒன்றைப் பக்கத்து வீட்டு அண்ணனோடு பங்கு போட்டுக்கொள்வேன். ஆளுக்குக் கால் லிட்டர். அதுவும் இல்லையென்றால் எலுமிச்சை சோடா. ஸ்ட்ராங் மட்டும் வாங்குவதில்லை. நான் குடித்தவரை அதில் மேலே நிற்பது காட்டமும் தித்திப்பும்தான்; தானியம் எங்கே போனதென்றே தெரியாது.

போன வாரம் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் குனிந்து அடியிலிருந்து இரண்டு சின்ன டின்களை எடுத்து வைத்தார். என் கை வழக்கம்போல டின்னைத் திருப்பப் போனது.

"பாத்தாச்சு அண்ணே. போன மாசத்துதுதான்."